அனுமதியில்லாமல் சுற்றிய காற்றாலை

வண்ணமீன் கடைக்காரருக்குக் காற்றின் மேல் எந்தப் புகாரும் இருந்ததில்லை. புகாரெல்லாம் மின்சாரத்தின் மேல்தான். அது நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். சொல்லிக்கொண்டு போகிற பழக்கமும் அதற்குக் கிடையாது. மற்றக் கடைகளில் மின்சாரம் போனால் விளக்கு அணையும், கடைக்காரர் வாசலுக்கு வந்து எதிர்க்கடைக்காரரிடம் அரசியல் பேசுவார். இவர் கடையில் மின்சாரம் போனால் உயிர் போகும். சுவரோரம் மூன்று வரிசையாக அடுக்கியிருந்த கண்ணாடித் தொட்டிகளில் குமிழி விட்டுக்கொண்டிருந்த காற்றுப் பம்புகள் ஒன்றாக நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து, தண்ணீரின் விளிம்பில் வாயை வைத்துக்கொண்டு திறந்து திறந்து மூடும்.

அப்போது கடைக்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு குவளையோடு தொட்டி தொட்டியாக ஓட வேண்டும். தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, திரும்ப அதே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற தண்ணீரோடு கொஞ்சம் காற்றும் உள்ளே போகும். தெருவில் போகிறவர்களுக்கு, இந்த இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றும். இப்படி மொண்டு மொண்டே மனைவிக்கு வலது தோள்பட்டை போய்விட்டது. இப்போதெல்லாம் இடது கையால்தான் மொள்ளுகிறாள். போன கோடையில் ஒருநாள் மதியம் போன மின்சாரம் இருட்டுகிற வரைக்கும் வரவில்லை. அவள் குஞ்சிலிருந்து வளர்த்த ஏஞ்சல் மீன்கள் அத்தனையும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் இந்தக் கடைக்குள்ள கால் வைக்க மாட்டேன்," என்றாள் அவள். "தொட்டியை எல்லாம் வித்துட்டு செல்போன் உறை விப்போம். அது மூச்சும் விடாது, சாகவும் சாகாது."

கோபத்தில் கத்தியிருந்தால் கடைக்காரர் பயந்திருக்க மாட்டார். அவள் ஆற அமரச் சொன்னாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சிறுகாற்றாலை மேம்பாட்டு நிறுவனம் 'மாதிரிப் பயனாளி' ஒருவரை வலைவீசித் தேடிக்கொண்டிருந்தது. நிறுவனம் தொடங்கி எத்தனையோ காலம் ஆகியும், பயனடைந்தவர் என்று வெளியே காட்ட அதனிடம் ஒரு ஆள்கூட இல்லை. மொட்டைமாடி உள்ள, மின்வெட்டால் கஷ்டப்படுகிற கடைக்காரர் யாராவது முன்வந்தால் இனாமாகவே காற்றாலை வைத்துத் தருவதாக அறிவித்திருந்தார்கள்.

"இனாமா எதுக்குத் தராங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நமக்கு நல்லது பண்ணத்தான்."

"நம்மளை அவங்களுக்கு முன்னபின்ன தெரியாதே. தெரியாதவங்களுக்கு எதுக்கு நல்லது பண்ணணும்?"

கடைக்காரருக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். ஆனாலும் அவள் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். மறுநாளே கிளம்பிப் போனார்.

நிறுவனம் நான்கு மாடிக் கட்டடம். ஜன்னல்களை எல்லாம் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். காற்று உள்ளே வந்தால் காகிதம் பறக்கிறது என்று வாசல் காவலர் விளக்கம் சொன்னார். நேர்காணல் அறையில் இயக்குநர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் பாதுகாப்பு அதிகாரி, இடப்பக்கம் அழகியல் அதிகாரி அம்மா. மூன்று பேரும் கடைக்காரரை, பூட்டு உடைக்க வந்தவரைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார்கள்.

"உங்க மாடியில காத்து அடிக்குதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"கொடியில போட்ட துணி காயுதுங்க."

"துணி வெயில்லயும் காயும்."

"பறக்குதுங்களே."

"இலேசான துணியாப் பாத்துப் போட்டிருப்பீங்க. எங்களை நம்பவைக்க."

"இல்லீங்க, போர்வைங்க."

மூன்று பேரும் தலையை ஒன்றாக வைத்துக் குசுகுசுத்தார்கள். "போர்வை பறந்தா அது புயல்," என்றார் பாதுகாப்பு அதிகாரி. "புயலுக்கு நிறுவனம் பொறுப்பில்லை. அது இருக்கட்டும், இந்தக் காத்து உங்க மாடிக்கு வர்றதுக்கு முன்னாடி யார் மாடி வழியா வருது?"

"பக்கத்து வீட்டு மாடி வழியாத்தாங்க."

"அவங்களுக்கு அதுல ஆட்சேபணை இல்லையா?"

கடைக்காரர் விழித்தார். காற்று விஷயமாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி வைத்திருக்க வேண்டும் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. எப்படியும் தன்னை விரட்டிவிடப் போகிறார்கள் என்று எழுந்திருக்கப் போனவரை, தேர்வு செய்துவிட்டதாகச் சொல்லிக் கைகுலுக்கினார்கள். முன்வந்தவர் அவர் ஒருவர்தான் என்பது பிறகு தெரிந்தது.

காற்றாலையைக் கொண்டுவந்தவன் நிறுவனத்தின் மெக்கானிக். வண்டியிலிருந்து அவன் இறக்கிய சாமானைப் பார்த்ததும் கடைக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு தகரப் பீப்பாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி இந்தப் பக்கமும் மறுபாதி எதிர்ப்பக்கமும் வாயைத் திறந்திருக்கும்படி, செங்குத்தான தண்டு ஒன்றில் மாட்டியிருந்தார்கள். அடியில் மின்சாரம் உண்டாக்குகிற ஜெனரேட்டர், சின்னப் பானை அளவுக்கு.

"இதுதானா? காத்தாலைன்னா நீளநீளமா இறக்கை இருக்கும்னு நெனச்சேனே."

"அது வெட்டவெளியில வைக்கறதுண்ணே. அதுக்குக் காத்து ஒரே பக்கமா, வேகமா வரணும். ஊருக்குள்ள காத்து எந்தச் சந்துல புகுந்து எப்படி வரும்னு யாருக்குத் தெரியும்? இதுக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒண்ணுதான். மெதுவாத்தான் சுத்தும். ஆனா லேசா அடிச்சாலே கெளம்பிடும்."

"நடுவுல என்ன இடைவெளி? வெட்டும்போது அளவு தப்பிடுச்சா?"

"வேணும்னே விட்டதுண்ணே. இந்தப் பாதியில புகுந்த காத்து அந்த இடைவெளி வழியாப் போயி அடுத்த பாதியையும் உள்ளேருந்து தள்ளிவிடும்."

"நல்லா ஓடுமா?"

"ஆபீஸர்ங்க வந்து பாக்கற வரைக்கும் நல்லா ஓடும்."

"பாத்ததுக்கப்புறம்?"

மெக்கானிக் திருகாணியை இறுக்குவதில் மும்முரமாகிவிட்டான்.

மாடியில் உயரமான ஒரு கம்பத்தின் மேல் அதை நிறுத்தி, கம்பியைக் கீழே கடைக்குள் இறக்கி பேட்டரியோடு இணைத்துவிட்டுப் போனான். பீப்பாய்ப் பாதிகள் சோம்பேறித்தனமாகச் சுற்றத் தொடங்கின. அன்று சாயங்காலமே மின்சாரம் போனது. பழக்கதோஷத்தில் இரண்டு பேரும் குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் மூன்று வரிசையிலும் குமிழி நிற்கவில்லை. மீன்கள் பாட்டுக்கு நடுத்தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தன. மனைவி கொஞ்ச நேரம் கையில் குவளையோடு நின்றாள். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மின்வெட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்து கடைக்காரர் பார்த்ததே இல்லை.

"எனக்கு இன்னும் நம்பிக்கை வரலை," என்றாள் அவள். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த வாரம் ஆய்வு ஆரம்பித்தது. முதலில் அழகியல் அதிகாரி அம்மா வந்தார். காற்றாலையைப் பார்த்ததும் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். வாடை எதுவும் இல்லை, அழகில்லாததைப் பார்த்தால் அவருக்கு வருகிற பழக்கம்.

"பழைய இரும்புக்கடை வாசல் மாதிரி இருக்கு. அதுவும் நடுவுல இடைவெளி. நிறுவனத்துக்கும் மக்களுக்கும் நடுவுல இடைவெளி விழுந்திடுச்சுன்னு பத்திரிகைக்காரன் எழுதினா யார் பதில் சொல்றது?"

இடைவெளியைத் தகடு வைத்து அடைத்தார்கள். மேலே மூன்று பூச்சு வர்ணம் பூசி, நிறுவனத்தின் சின்னத்தைப் பித்தளையில் வார்த்து, இரண்டு பாதியிலும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள். காற்றாலை முக்கி முனகிச் சுற்றியது. அடுத்த மின்வெட்டில் மேல்வரிசைத் தொட்டிகளில் குமிழி நின்றுவிட்டது. பரவாயில்லை, இரண்டு வரிசை ஓடுகிறதே என்று கடைக்காரர் மனதைத் தேற்றிக்கொண்டு மேல்வரிசைக்கு மட்டும் தண்ணீர் மொண்டார்.

பிறகு பாதுகாப்பு அதிகாரி வந்தார். காற்றாலைக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்.

"இது சுத்துதே," என்றார் கவலையாக.

"ஆமாங்க, அதுக்குத்தானே."

"சுத்தற எந்தப் பொருளும் ஆபத்துதான். சுத்தாம இருக்கறதுதான் பாதுகாப்போட முதல் படி. ஒரு பறவை வந்து மோதினா?"

"மெதுவாத்தாங்க சுத்துது. நேத்துகூட ஒரு காக்கா அது மேலயே உக்காந்து நாலு சுத்துச் சுத்திட்டுப் போச்சு."

பாதுகாப்பு அதிகாரியின் முகம் கடுத்தது. "அப்போ பயணிகளை ஏத்தறீங்க. அதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

காக்காய் விஷயத்தில் கடைக்காரர் எழுத்தில் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அவர் சமாதானமானார். காற்றாலையைச் சுற்றி கொசுகூட நுழையாத கம்பிவலையில் கூண்டு அடித்தார்கள். கொசு நுழையாத இடத்தில் காற்று மட்டும் எத்தனை நுழையும்? நடுவரிசையிலும் குமிழி நின்றது. இப்போது கீழ்வரிசைதான் பாக்கி.

அதற்குள் நிறுவனத்தில் உட்பூசல் கிளம்பியிருந்தது. காற்றாலையில் இரண்டே பாதிகள்தான் இருக்கின்றன; ஆனால் பிரிவுகள் ஏழு. எங்கள் பிரிவுக்கு ஏன் இறக்கை இல்லை என்று கணக்குப் பிரிவு கேட்டது. விளம்பரப் பிரிவு வெளிநடப்பு செய்வதாக மிரட்டியது. கடைசியில் ஏழு பிரிவுக்கும் சமநீதி வழங்கும் விதமாக ஏழு இறக்கைகள் வைப்பதென்று ஒருமனதாக முடிவானது.

"ஏழும் நெருக்கமா நின்னா உள்ள காத்து புகவே வழியிருக்காது சார். தூணைச் சுத்திப் போறாப்பல சுத்திப் போயிடும். கனமும் கூடும்," என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தான். அவனை அன்றோடு கருத்தரங்குகளுக்கு நாற்காலி சுமக்கிற வேலைக்கு மாற்றிவிட்டு, ஏழு இறக்கைகளையும் ஏற்றிவிட்டார்கள்.

கடைசியாக இயக்குநரே நேரில் வந்தார். அவருக்கு முழங்கால் வலி. கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்துக் கழுத்தும் வலித்தது. "இயக்குநர் குனிந்து பார்க்க முடியாத காற்றாலை வெளிப்படையான காற்றாலை ஆகாது" என்று அங்கேயே ஓர் ஆணை பிறப்பித்தார். கம்பத்தைக் கழற்றி, காற்றாலையை மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், தரையோடு தரையாக இறக்கினார்கள்.

"இங்க சுவரு மறைக்குதுங்களே. காத்து முட்டி மோதிக் கொழம்பித்தான் வரும்," என்றார் கடைக்காரர்.

"கொழம்பின காத்தும் காத்துதானே? நீங்க காத்துல பாகுபாடு பாக்கறீங்க," என்றார் இயக்குநர்.

காற்றாலை நின்றுவிட்டது. கீழ்வரிசைக் குமிழியும் நின்றது. மனைவி குவளையை எடுத்து ஆணியில் தயாராக மாட்டி வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று கடைக்காரருக்கு இருந்தது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். விழாவுக்கு முந்தைய நாள் காலை கடைக்காரர் மாடிக்குப் போனால், ஏழு இறக்கையும் விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு கணம் சந்தோஷத்தில் மேலும் கீழும் குதித்தார். அப்புறம்தான் கொடியைப் பார்த்தார். துணி அசையவில்லை. மூலையில் இருந்த ஒட்டடைகூட அசையவில்லை. கூண்டுக்கு அடியிலிருந்து புதிதாக ஒரு ஒயர் போனது. அது சுவரோடு ஒட்டி இறங்கி, படிக்கட்டைத் தாண்டி, அவருடைய கடைக்குள்ளேயே நுழைந்து, அவருடைய சுவிட்ச் பலகையிலேயே போய் முடிந்தது. ஜெனரேட்டர் படிக்கட்டுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஒரு மோட்டாரை வைத்திருந்தார்கள்.

விழாவுக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கைத் தனியாக இழுத்துப்போனார் கடைக்காரர்.

"தம்பி, இது காத்துல சுத்துதா, கரண்டுல சுத்துதா?"

"அண்ணே, நான் இப்போ நாற்காலிப் பிரிவு. நாற்காலியைப் பத்தி மட்டும் கேளுங்க."

மறுநாள் இயக்குநர் கடைக்குள்ளேயே, மீன்தொட்டிகளுக்கு நடுவில் நின்று பேசினார்.

"அன்பார்ந்த பெருமக்களே, இந்த நிறுவனம் தொடங்கிய காலத்தில் நாங்களும் எல்லாரையும் போலக் காற்றை நம்பித்தான் இருந்தோம். அனுபவம் எங்களுக்குப் பாடம் கற்பித்தது. காற்று கூட்டத்துக்கு வருவதில்லை. கடிதம் போட்டால் பதில் போடுவதில்லை. விருந்தினர் வருகிற நேரம் பார்த்துக் காணாமல் போய்விடுகிறது. இப்படிப்பட்ட ஒன்றை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா? ஆகவே, காற்றைச் சாராத காற்றாலை என்ற இலக்கை நோக்கி நடந்தோம். இன்று அதை அடைந்துவிட்டோம்."

கைதட்டல் அடங்குவதற்குள் மின்சாரம் போனது. மாடியில் விர்ரென்ற சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. பம்புகள் நின்றன. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து மூடின.

"பாருங்கள், மீன்களும் வாழ்த்துச் சொல்ல வருகின்றன," என்றார் இயக்குநர்.

கடைக்காரரும் மனைவியும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு தொட்டிகளிடம் ஓடினார்கள். மீனைக் கொஞ்சுகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ள வந்திருந்த விருந்தினர்மேல் தண்ணீர் தெறித்தது. மின்சாரம் திரும்பி வருவதற்குள் கீழ்வரிசையில் பாதித் தொட்டிகளின் மீன்கள் போய்விட்டன. இறந்ததை மனைவி வலையால் அள்ளினாள். அவள் அழுதாள் என்று சொல்ல முடியாது. அவள் முகமெல்லாம் ஏற்கெனவே தண்ணீர்தான்.

மூன்றாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மீன் செத்ததற்காக அல்ல. விழாவின்போது காற்றாலை நின்றதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்க.

"மின்சாரம் போன அதே நேரத்துல காத்தும் நின்னிருக்கு," என்றார் பாதுகாப்பு அதிகாரி. "இது தற்செயலா? அந்த நேரத்துல நீங்க என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"மீனுக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தேங்க."

"அதாவது, காத்தாலையைக் கவனிக்கலை."

கடைக்காரர் வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "என்ன சொன்னாங்க?" அவர் சொன்னார். அவள் எழுந்து, சுத்தியலும் ஸ்பேனரும் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அவளுக்குக் காற்றாலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் நாள் இருந்தது எது, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது எது என்பது மட்டும் தெரியும். வந்து ஒட்டியதை எல்லாம் பிடுங்கினாள். கூண்டு போனது. ஐந்து இறக்கைகள் போயின. பித்தளைச் சின்னங்கள் 'டங்'கென்று மாடித்தரையில் விழுந்தன. இடைவெளியை அடைத்த தகட்டைக் கடைக்காரர் நெம்பி எடுத்தார். லீவு நாளில் ரகசியமாக வந்த மெக்கானிக், மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு ஜெனரேட்டரை மாட்டினான். மூன்று பேருமாகக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். மனைவி கீழே போன பிறகு மெக்கானிக் கடைசியாக ஒருமுறை உச்சிக்கு ஏறி, திருகாணிகளை எல்லாம் இறுக்கிவிட்டு இறங்கினான்.

பீப்பாய் கொஞ்சம் யோசித்தது. பிறகு சுற்றியது. அதற்கடுத்த மின்வெட்டில் மூன்று வரிசையிலும் குமிழி வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. மனைவி புதிதாக ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் வாங்கி விட்டாள். கடை தொடரும் என்பதற்கு அதைவிடப் பெரிய வாக்குறுதி வேண்டியதில்லை.

ஆனால் தெருவே பார்க்கும்படி உயரத்தில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு நாள் மதியம் நிறுவனத்தின் வண்டி வாசலில் வந்து நின்றது. இயக்குநர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். பின்னால் மற்ற இருவரும். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பீப்பாய் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எப்படிச் சுத்துது?" என்று கேட்டார் இயக்குநர். குரலில் கோபம் இல்லை, உண்மையான பயம்.

"காத்துலங்க."

"வெளையாடாதீங்க. மோட்டாரை எங்க வெச்சிருக்கீங்க?"

"மோட்டார் இல்லீங்க. கழட்டிட்டோம்."

"நாங்க வெச்ச மோட்டாரைக் கழட்டிட்டீங்க. சரி. உங்க மோட்டார் எங்க?"

தேடினார்கள். கம்பத்தைத் தட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பாதுகாப்பு அதிகாரி கொடியில் காய்ந்த போர்வையை உதறிப் பார்த்தார். அழகியல் அதிகாரி அம்மா கடைக்காரரின் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு, "பொம்பளைக்குப் பொம்பளை சொல்லும்மா, எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று அன்பாகக் கேட்டார். கீழே போய்ப் பிரதான மின்சுவிட்சை அணைத்தார்கள். பீப்பாய் நிற்கவில்லை. அப்படியானால் வேறு யார் வீட்டிலிருந்தோ மின்சாரம் திருடுகிறார்கள் என்று முடிவுக்கு வந்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் போகப் போக அவர்களுடைய சந்தேகம் வலுத்தது.

இயக்குநர் கடைசியில் ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். நிதானமாக, ஒரு நல்லவர் குரலில் பேசினார்.

"நான் வெளிப்படையாச் சொல்லிடறேன். மோட்டார் வெச்ச காத்தாலைதான் எங்க அங்கீகரிச்ச வடிவமைப்பு. இதுல மோட்டார் இருக்குன்னு நீங்க ஒத்துக்கிட்டா, இது எங்க காத்தாலை. வேற எடத்துல மோட்டார் வெச்சது ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான். நான் அனுமதிச்சிடுவேன். மோட்டாரே இல்லாம சுத்துதுன்னு நீங்க சாதிச்சீங்கன்னா, இது எங்களுது இல்லை. எங்களுது இல்லாததை எங்க பேர்ல இங்க விட்டுவைக்க முடியாது. இப்பவே கழட்டி வண்டியில ஏத்திட்டுப் போயிடுவோம். யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு உண்மைதான் முக்கியம்."

கடைக்காரர் அதுவரை தன் வாழ்நாளில் செத்த மீனை உயிருள்ள மீன் என்று சொல்லி விற்றதில்லை. நோய்ப்பட்ட மீனை நல்ல மீன் என்று தள்ளிவிட்டதும் இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். தலைக்கு மேல் காற்று ஜிலுஜிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது. இயக்குநரின் நாலு முடியும் நட்டுக்கொண்டு பறந்தன.

"இருக்குங்க," என்றார் கடைக்காரர். "மோட்டார் இருக்கு."

மூன்று அதிகாரிகளும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் இயக்குநர், அவர் தோளைத் தட்டி. "எங்க இருக்குன்னுகூட நான் கேக்க மாட்டேன். வெளிய தெரியாத மோட்டார். அருமையான வடிவமைப்பு. அழகுக்கும் குறைவில்லை, பாதுகாப்புக்கும் குறைவில்லை. இதையே எல்லா ஊருக்கும் சிபாரிசு பண்றேன்."

அதன்பிறகு கடைக்காரரை யாரும் தொந்தரவு செய்யவில்லை. மோட்டார் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பராமரிப்பு வேண்டும் அல்லவா? வாரம் தவறாமல் நிறுவனத்திலிருந்து ஒரு பராமரிப்புக்காரர் வந்தார். எண்ணெய்க் குடுவையோடு ஏணி வைத்து ஏறுவார்; கொஞ்ச நேரம் உச்சியில் ஏதோ செய்வார்; இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "மோட்டார் நல்ல கண்டிஷன்ல இருக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் போவார். காற்று குறைந்து பீப்பாய் மெதுவாகச் சுற்றிய ஒரு வாரம், "கொஞ்சம் சூடாகுது, ஓய்வு குடுங்க," என்றார். அவர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு.

ஒருநாள் கடையைக் கூட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நெஜமாவே வெச்சிருக்கீங்களா?"

"உனக்கென்ன பைத்தியமா? நீதானே கூட இருந்து பிடுங்கிப் போட்டே."

"நான் பிடுங்கினது அவங்க வெச்சதை," என்றாள் அவள். "அதுக்கப்புறம் அந்தத் தம்பியும் நீங்களும்தானே மேல இருந்தீங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டு, தொட்டிக்குத் தீனி போடப் போனார். போட்டுக்கொண்டே இருந்தார். மெக்கானிக் அன்றைக்குக் கடைசியாக ஏறினானே, எதற்கு? ஏறி ரொம்ப நேரம் இருந்தானே? பராமரிப்புக்காரர் இத்தனை வாரமாக எதற்குத்தான் எண்ணெய் போடுகிறார்? ஒன்றுமே இல்லாத இடத்துக்கு ஒரு மனுஷன் வாரா வாரம் வருவாரா?

அன்று சாயங்காலம், மனைவி உள்ளே இருந்த சமயம் பார்த்து, ஏணியைச் சாய்த்துக் கம்பத்தில் ஏறினார். நல்ல காற்று. பீப்பாய் அவர் காதோரம் சுற்றிக்கொண்டிருந்தது. தண்டைச் சுற்றி, தகட்டுக்கு அடியில், கை போகிற இடமெல்லாம் விட்டுத் துழாவினார். ஜெனரேட்டரைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்தார். விரலெல்லாம் எண்ணெய்.

ஏணியில் நின்றபடியே அந்த எண்ணெயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.